கோல்டன் பேரல் கள்ளியும் ஒரு செடிதான்: தோட்ட வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வறண்ட நிலத்து நகரங்களில் தோட்டம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வரைபடங்களில் தவறாமல் இடம்பிடிக்கும் ஒரு செடிக்காக இந்த மடலை எழுதுகிறேன். கோல்டன் பேரல் கள்ளியைச் சொல்கிறேன். அலுவலக முகப்பு, ஓட்டல் வாசல், குடியிருப்பின் நடைபாதை ஓரம், சாலை நடுவிலுள்ள திட்டு என்று வறண்ட ஊர்களில் எங்கே புதுத் தோட்டம் போட்டாலும், வெள்ளைச் சரளையின் மேல் பொன்னிற முள்ளுருண்டைகள் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை குறைந்த நிலத்தில் புல்தரையை வளர்த்து, அதன் தாகத்துக்கு ஆற்றையும் நிலத்தடி நீரையும் இறைத்துக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். விதையிலிருந்து கள்ளி வளர்ப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தச் செடியின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. அதனால்தான் அதை நடும் முறையைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. உங்களில் பலர் இதற்குத் தருவது ஒரு கல்லுக்குத் தரும் இடம். நிறம் பொருந்துகிறதா, வட்டம் அழகாக இருக்கிறதா, வரிசை நேராக இருக்கிறதா என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அது மூச்சு விடும், வளரும், அழுகும், வெயிலில் வெந்துபோகும் என்பதெல்லாம் வரைபடத்துக்குள் வருவதே இல்லை.

இந்தக் கள்ளி வந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவைத் தவிர உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை. கெரேத்தரோ, இடால்கோ மாநிலங்களுக்கு இடையே ஓடும் மோக்தெசுமா ஆற்றின் பள்ளத்தாக்குதான் இதன் பேர்பெற்ற தாயகம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, செங்குத்தான பாறைச் சரிவுகளில், மண் கொஞ்சமாகத் தங்கும் இடுக்குகளில் வேர் பிடித்து நிற்கும். 1886-ல் ஹில்ட்மன் என்ற ஜெர்மானியர் இதற்கு எக்கினோகாக்டஸ் குருசோனி என்று பெயரிட்டார். மாக்டபுர்க் நகரில் கவசத் தகடுகள் செய்த தொழிலதிபர் ஹெர்மன் குருசோன் பெரிய கள்ளிச் சேகரிப்பாளர். அவர் நினைவாக வந்த பெயர் அது. 2014-ல் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து குரோன்லைனியா என்றும் வகைப்படுத்தினார்கள். நர்சரிச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.

1990-களில் அந்தப் பள்ளத்தாக்கில் சிமாபான் அணை எழுந்தது. நீர் ஏறியபோது, இந்தக் கள்ளிகள் நின்ற சரிவுகளில் பெரும்பகுதி மூழ்கியது. எஞ்சியவற்றிலிருந்தும் திருடிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம். ஆனால் உலகெங்கும் நர்சரிகளில் லட்சக்கணக்கில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் விதை. சூடும் ஈரமும் சரியாக அமைந்தால் இதன் விதை எளிதாக முளைக்கும். வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக விதையெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாசலில் வைக்கும் ஒவ்வொரு உருண்டையும் அப்படி யாரோ ஒருவர் பொறுமையாக வளர்த்தெடுத்தது. கால்பந்து அளவுக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். உச்சியிலுள்ள கம்பளிக்குள்ளிருந்து மஞ்சள் பூக்கள் வட்டமாக எட்டிப்பார்க்க இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அதை வாங்கி நட்டு, இரண்டு கோடைக்குள் சாகவிட்டு, அதே குழியில் இன்னொன்றை வைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இனி, இந்த மடலை எழுதவைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது இரவைப் பற்றியது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதே துளை வழியே ஈரமும் போய்விடும். வறண்ட காற்றில் அந்த இழப்பு மிக அதிகம். கள்ளிகள் இதை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. பகல் முழுக்கத் தோலிலுள்ள துளைகளை மூடி வைத்திருக்கும். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்த பிறகே திறக்கும். அப்போது இழுத்துக்கொண்ட வாயுவை மாலிக் அமிலமாக்கித் திசுக்களில் சேமிக்கும். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து, வெயிலின் உதவியால் சர்க்கரை செய்யும். தாவரவியலில் இதை சிஏஎம் ஒளிச்சேர்க்கை என்பார்கள். ஒரே அளவு உணவு செய்ய மற்றச் செடிகளைவிடப் பல மடங்கு குறைவான தண்ணீரே இதற்குச் செலவாகிறது. நீங்கள் இந்தச் செடியைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இந்தத் திறமைதான்.

ஆனால் இந்தத் திறமை முழுக்கவும் குளிர்ந்த இரவை நம்பியிருக்கிறது. இரவு சூடாகவே இருந்தால் துளைகள் சரியாகத் திறக்காது. திறந்தாலும் ஈரம் வெளியேறும். பகலில் செய்ய வேண்டிய சமையலுக்குப் போதிய சரக்கு சேராது. ஓரிரு நாள் தாங்கும். வாரக்கணக்கில் நீடித்தால் செடி தன் சேமிப்பைத் தின்று உள்ளுக்குள் தளர ஆரம்பிக்கும்.

2023 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இரவிலும் சூடு தணியவில்லை. அந்தப் பாலைநிலத்துக்கே சொந்தமான சாகுவாரோ கள்ளிகளில் சில, கை போன்ற கிளைகள் முறிந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன. அங்குள்ள பாலைவனத் தாவரவியல் பூங்காவின் நிபுணர்கள் இரவு வெப்பத்தை ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டினார்கள். பாலைவனத்திலேயே பிறந்த செடிக்கு இந்த நிலை என்றால், மேட்டுச் சரிவின் குளிர்ந்த இரவுக்குப் பழகிய இனத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் வடிவமைப்புக்கு வருவோம். அரை அடி ஆழத்துக்குச் சரளை. அதன் கீழே பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு பக்கம் கான்கிரீட் சுவர், மறுபக்கம் கல் பாவிய நடைபாதை. மரம் ஒன்றுகூடக் கிடையாது. கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பி விடுகிறது. சரியாகக் கள்ளி மூச்சு விடும் நேரத்தில், அதன் அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் அனல் அடிக்கிறது. தண்ணீரைச் சேமிக்கும் தோட்டம் என்று நீங்கள் கட்டிக்கொடுத்த இடம், அந்தச் செடியின் தண்ணீர்ச் சேமிப்பு வேலையையே கெடுத்துவிடுகிறது. அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் அதே அனல்தான்.

"பாறைச் சரிவில் வளர்வதுதானே, கல் எப்படிக் கெடுதல் ஆகும்?" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சரிவில் காற்று தடையில்லாமல் ஓடுகிறது. சுற்றிலும் புதர்கள் உண்டு. அவற்றின் சிதறிய நிழல் உண்டு. வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைச் சுவர் இல்லை. மழை பெய்த கையோடு நீர் வடிந்துவிடுகிறது, இரவில் குளிர் இறங்குகிறது. நீங்கள் அங்கிருந்து கல்லை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள்.

பாலைநிலத்தில் பல கள்ளிகளின் குழந்தைப் பருவம் மர நிழலில்தான் கழிகிறது. சாகுவாரோ நாற்றுகள் பாலோவெர்டே, அயர்ன்வுட் மரங்களின் அடியில் பிழைத்து, பிறகுதான் தலையெடுக்கின்றன. தாதி மரம் என்று அவற்றைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். இந்த ஏற்பாட்டை உங்கள் வரைபடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மெல்லிய இலையுள்ள, வறட்சி தாங்கும் மரங்களை முதலில் நடுங்கள். அவற்றின் சல்லடை நிழல் பிற்பகலில் விழும் பக்கத்தில் கள்ளிகளை வையுங்கள். சரளையைக் குறைத்து, வறட்சி தாங்கும் குற்றுச்செடிகளையும் புற்கொத்துகளையும் இடையிடையே நடுங்கள். கான்கிரீட் சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டவே வேண்டாம். மண் மூச்சு விட வேண்டும்.

இது என் தனிப்பட்ட ரசனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1981-ல் அமெரிக்காவின் டென்வர் நீர்வாரியம் செரிஸ்கேப் என்ற வறண்ட நிலத் தோட்டமுறையை முன்வைத்தபோது, மண்ணைப் பக்குவப்படுத்துவதும் பொருத்தமான செடிகளைத் தேர்வதும் அதன் அடிப்படைகளாக இருந்தன. எல்லாவற்றையும் கல்லால் மூடு என்று அவர்கள் சொல்லவில்லை. லாஸ் வேகாஸ் உள்ள தெற்கு நெவாடாவில் புல்தரையைப் பெயர்த்தெடுப்போருக்கு அங்குள்ள நீர் ஆணையம் ஊக்கத்தொகை தருகிறது. ஒரு சதுர அடிப் புல்லை மாற்றினால் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது 200 லிட்டருக்கு மேல், மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஊக்கத்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாற்றிய இடத்தில் செடிகள் முழுதாக வளர்ந்த பிறகு பாதிப் பரப்பையாவது உயிருள்ள பசுமை மூடியிருக்க வேண்டும். வெறும் கல் போட்டுப் பணம் வாங்க முடியாது. அலங்காரத்துக்கு மட்டும் உள்ள புல்தரைக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று 2021-ல் சட்டமே போட்ட மாநிலம் அது. தண்ணீரில் அவ்வளவு கறாராக இருப்பவர்களே செடி வேண்டும் என்கிறார்கள்.

அப்புறம், தண்ணீர். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கள்ளிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நட்ட நாளோடு மறந்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். பக்கத்திலுள்ள பூச்செடிகளின் சொட்டுநீர்க் குழாயிலேயே இதையும் இணைத்து ஆண்டு முழுக்கச் சொட்டவிடுகிறவர்கள் மறுபக்கம். இரண்டாமவர்களால்தான் அதிகம் சாகிறது. இதன் உடல் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக அமைந்தது. மழை கிடைத்தால் மடிப்புகள் விரிந்து நீரைச் சேர்க்கும், வறட்சியில் சுருங்கும். வேர்கள் ஆழமாகப் போவதில்லை, மேல்மண்ணில் அகலமாகப் பரவும். ஈரம் பட்டதும் புதிய நுண்வேர்கள் விட்டு வேகமாக உறிஞ்சும், காய்ந்ததும் அவற்றை உதிர்த்துவிடும். நன்றாக நனைவதும் முழுக்கக் காய்வதும் மாறி மாறி வருவதுதான் அதற்குப் பழக்கம். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் அடிப்பகுதி அழுகும். மேலே முட்கள் பளபளப்பாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு நாள் லேசாகத் தொட்டாலே சாய்ந்துவிடும், உள்ளே கூழாகியிருக்கும். குளிர்காலத்தில் ஈரமும் குளிரும் சேர்ந்துவிட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆகவே கள்ளிகளுக்குத் தனிக் குழாய், தனி வால்வு வையுங்கள். முதல் ஓரிரண்டு வளர்பருவங்களில் மண் காய்ந்த பிறகு ஆழமாக நனைத்தால் போதும். வேர் ஊன்றிய பிறகு நீண்ட கோடை வறட்சியில் மட்டும் எப்போதாவது கொடுக்கலாம். குளிர்காலத்தில் நிறுத்திவிடுங்கள். களிமண் என்றால் குழி தோண்டி மணல் நிரப்புவதால் பயனில்லை, குழியில் நீர் தேங்கி நிற்கும்; சுற்றியுள்ள தரையைவிட மேடாக மண் அணைத்து அதன் மேல் நடுங்கள்.

நடும் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. நர்சரியில் வெயில் பட்ட பக்கத்துக்கு ஓர் அடையாளம் போட்டு, புது இடத்திலும் அதே பக்கம் அதே திசையைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். திருப்பி வைத்தால், நிழலுக்குப் பழகிய தோல் வெயிலில் வெந்து வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். அது ஆறவே ஆறாது. நிழல்வலைக்குள் வளர்ந்த செடி என்றால் முதல் கோடையில் மெல்லிய வலையாவது போர்த்தி மெதுவாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். வேர் அறுபட்ட காயம் காய்வதற்காக, நட்ட உடனே தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரமாவது விட வேண்டும். இதையெல்லாம் படித்தவர்களே செய்வதில்லை, கூலியாட்கள் எங்கே செய்யப்போகிறார்கள் என்று சொல்லாதீர்கள். அவர்கள் கைப்பக்குவம் உள்ளவர்கள். காரணத்தைச் சொன்னால் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

இடைவெளி பற்றி ஒரே ஒரு வார்த்தை. இது ஒரு மீட்டர் வரை அகலக்கூடிய செடி. ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நடுவது முதல் நாள் புகைப்படத்துக்கு மட்டுமே உதவும்.

"வாடிக்கையாளர் இன்றே பெரிதாகக் கேட்கிறாரே" என்பீர்கள். சரி, அந்த அழுத்தம் உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அவசரம்தான் காட்டிலிருந்து பிடுங்குவோருக்குச் சந்தையை உண்டாக்குகிறது. கோல்டன் பேரல் விதையில் ஏராளமாகக் கிடைப்பதால் ஓரளவு தப்பித்தது. மற்ற இனங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2020-ல் இத்தாலியில் ஒரு வீட்டைச் சோதனையிட்ட போலீசார், சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து திருடி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைக் கைப்பற்றினார்கள். அவற்றில் பல நூறு செடிகள் மறு ஆண்டு சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் அச்சுறுத்தலில் இருப்பதாக 2015-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொன்னது. அலங்காரச் செடி வணிகத்துக்காகவும் தனியார் சேகரிப்புக்காகவும் பிடுங்குவது முக்கியக் காரணங்களில் ஒன்று. முதிர்ந்த, தழும்பேறிய, அபூர்வமான பெரிய கள்ளி ஒன்றை யாராவது மலிவாகத் தர முன்வந்தால், அது எங்கே முளைத்தது என்று கேட்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுதும் உள்ளது. நாடு விட்டு நாடு வருவதற்குத் தாள்கள் இருக்க வேண்டும்.

பெரிய செடிகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்க ஆசைப்படும் வாடிக்கையாளருக்கு, கலிபோர்னியாவின் சான் மரினோவிலுள்ள ஹண்டிங்டன் தாவரவியல் தோட்டத்தின் படங்களைக் காட்டுங்கள். அங்கே பாலைவனத் தோட்டம் 1907-ல் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான கோல்டன் பேரல்கள் அங்கே நிற்கின்றன. மூத்தவை 1915-க்கு முன்பு விதையிலிருந்து வந்தவை, இன்னும் உயிரோடு பெருத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றி மரங்களும் மற்றச் செடிகளும் உண்டு. கையளவு செடியை வைத்துவிட்டு, இருபது ஆண்டுகளில் இது எப்படி இருக்கும் என்ற ஓவியத்தைச் சேர்த்துக் கொடுங்கள். சிறிய செடி புது இடத்தில் சீக்கிரம் வேர் பிடிக்கும், விலையும் குறைவு, செத்தாலும் இழப்பு குறைவு. இதை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஒப்பந்தத்தில், செடிகள் விதையிலிருந்து நர்சரியில் வளர்ந்தவை என்பதற்கு எழுத்துச் சான்று தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். செடிகள் வளர்ந்த பிறகு பாதிப் பரப்பையாவது பசுமை மூட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அரசு சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். ஒப்படைத்த நாளோடு கணக்கு முடிக்காமல், இரண்டு கோடைகளுக்குப் பராமரிப்புப் பொறுப்பையும் விலையில் சேருங்கள். வேலை முடிந்ததும் வளாகத்தைப் பார்த்துக்கொள்ளப்போகும் தோட்டக்காரரிடம் நேரில் பேசி, கள்ளிகளின் வால்வு எது, எந்த மாதம் அதை மூட வேண்டும் என்று காட்டிவிட்டு வாருங்கள்.

இதில் எதையாவது வேலைத்தளத்தில் செய்ய முடியாது என்று நினைத்தால் காரணத்தோடு எழுதுங்கள். எந்த மண், எந்த வெயில், என்ன சிக்கல் என்று தெரிந்தால் என்னால் ஆன யோசனையைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
விதையிலிருந்து கள்ளி வளர்க்கும் ஒரு வளர்ப்பாளன்